‘சட்டில்’ என்றால் நம் வீட்டுத் தமிழில் என்ன?

ஆங்கிலத்தில் ஒரு பொல்லாத சொல் இருக்கிறது. எழுதும்போது நடுவில் ஒரு ‘பி’ ஜம்மென்று உட்கார்ந்திருக்கும். சொல்லும்போது மட்டும் அது வாயைத் திறக்காது. ‘சட்டில்’ என்று உச்சரிக்க வேண்டும். ‘சப்டில்’ என்று உரக்கப் படித்துவிட்டு வகுப்பில் சிரிப்பு வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் எத்தனை பேரோ! இப்போது இந்தச் சொல் எங்கே பார்த்தாலும் காதில் விழுகிறது. டி.வி. சமையலில், “ஏலக்காய் வாசனை ரொம்ப சட்டிலா இருக்கு” என்கிறார்கள். புடவைக் கடைக்குப் போனால், “சட்டில் கலர்ஸ் காட்டட்டுமாக்கா?” என்று விற்பனைப் பெண் கேட்கிறாள்.

நான் பத்தாவதோடு நின்றவள். பிளஸ் டூ படிக்கும் என் பெண் இந்தச் சொல்லுக்குத் தமிழில் பொருள் கேட்டபோது அகராதியைத்தான் புரட்டினோம். நுட்பமான, நுண்ணிய, சூட்சுமமான என்று போட்டிருந்தது. எல்லாம் சரிதான். ஆனால், “நுட்பமான கலரில் ஒரு புடவை எடுங்க” என்று எந்தக் கடையிலாவது கேட்க முடியுமா, சொல்லுங்கள்! “கண்ணை உறுத்தாத கலரா காட்டும்மா” என்றுதான் கேட்போம். ஏலக்காய் வாசனை என்றால், “லேசா, வந்தும் வராம இருக்கு” என்போம். ஆங்கிலத்தில் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எல்லா இடத்திலும் சமாளிக்கிறார்கள். நமக்கோ இடத்துக்கு ஒன்றாக ஒரு கூடை நிறைய இருக்கிறது. அந்தக் கூடையை நாம் சரியாக எடுத்துப் புழங்குகிறோமா என்பதுதான் என் கேள்வி. இது வெறும் மார்க் சமாசாரம் இல்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். லத்தீன் மொழியில் ‘சப்டிலிஸ்’ என்றொரு சொல். ‘சப்’ என்றால் கீழே. ‘டேலா’ என்றால் தறியில் ஓடும் பாவு, நெய்த துணி. பாவுக்கு அடியில் ஓடும் மிக மெல்லிய இழை என்பதிலிருந்துதான் இது வந்திருக்க வேண்டும் என்று மொழி ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அந்த ‘பி’ உதிர்ந்து போயிற்று. பிற்பாடு லத்தீன் படித்த பண்டிதர்கள் அதை இழுத்து வந்து எழுத்தில் மட்டும் உட்கார வைத்துவிட்டார்கள். அதனால்தான் அது பேச மாட்டேன் என்கிறது!

நெசவிலிருந்து வந்த சொல் என்றதும் எனக்கு ஒரே சந்தோஷம். எங்கள் வள்ளூர் மீஞ்சூரை ஒட்டிய ஊர். இங்கிருந்து பட்டணம் போகிற வழியில் திருவொற்றியூரைத் தாண்டினால் காலடிப்பேட்டை. இப்போது அங்கே மெட்ரோ ரயில் நிற்கிறது. யாருடைய காலடியோ என்று நினைத்துவிடாதீர்கள். 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் என்பவர் நெசவாளர்களைக் குடியேற்றிய இடம் அது. காலெட் பேட்டை, மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆகிவிட்டது. இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் வண்ணாரப்பேட்டை. கம்பெனிக்காரர்கள் கப்பலேற்றிய துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் வாழ்ந்த இடம். ஆக, மெல்லிய இழை என்றால் என்ன என்று வட சென்னைக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. இன்றைக்கும் கைத்தறிப் புடவை வாங்கும்போது 80-ஆம் நம்பர் நூலா, 100-ஆம் நம்பர் நூலா என்று கேட்கிறோமே, நம்பர் ஏற ஏற நூல் சன்னமாகும்.

தமிழும் அதே தறியிலிருந்துதான் எடுத்திருக்கிறது, பாருங்கள். ‘அவள் பேச்சில் ஒரு சோகம் இழையோடியது’ என்று கதைகளில் படிக்கிறோம் அல்லவா? இழை ஓடுவது! ஆங்கிலக்காரர் சட்டில் என்று சொல்ல வருவதும் ஏறக்குறைய அதுதான். துணியைப் பார்த்தவுடன் அந்த இழை கண்ணில் படாது. கொஞ்சம் நின்று, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

இன்னொரு சொல் ‘நயம்’. மளிகைக் கடையில் நயம் துவரம் பருப்பு. தமிழ் வகுப்பில் இலக்கிய நயம். கோபக்காரப் பிள்ளையிடம் நயமாகப் பேசுகிறோம். எல்லாம் நல்ல அர்த்தம்தான். ஆனால் அதே நயத்தோடு வஞ்சகம் சேர்ந்தால்? நயவஞ்சகம்! ஆங்கிலச் சொல்லுக்கும் இதே இரண்டு முகம் உண்டு என்பதுதான் வேடிக்கை. 1611-ல் வந்த ஆங்கில பைபிளில் ஏவாளை ஏமாற்றிய பாம்பைச் சொல்வதற்கு இந்தச் சொல்லைத்தான் போட்டிருக்கிறார்கள். அங்கே அதற்குத் தந்திரமுள்ளது என்று பொருள். ‘வெரி சட்டில்’ என்று யாராவது உங்களைப் பாராட்டினால் எந்த முகத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்று கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்!

‘சட்டில் ஹிண்ட்’ என்பதற்கு நம்மிடம் உள்ள சொல் நாசூக்கு. பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்து நம் வீட்டு மருமகளாகவே ஆகிவிட்டது. “நாசூக்கா சொல்லு” என்றால் முகம் கோணாமல், மனசு நோகாமல் சொல்லு என்று அர்த்தம். பேசாமலே கண்ணால் காட்டினால் அது ஜாடை. பாதி சொல்லி மீதியை விட்டால் பூடகம். குத்தலை உள்ளே வைத்து மேலே சர்க்கரை தடவினால் அதற்குப் பெயர் ஊமைக்குசும்பு. கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்தவர்களுக்கு இந்த வித்தியாசமெல்லாம் அகராதி பார்க்காமலே புரியும்.

சமையலறைக்கு வந்தால் கேட்கவே வேண்டாம். அங்கே ஆட்சி செய்வது ‘பதம்’ என்ற சொல். அதிரசத்துக்குப் பாகு வைக்கிறோம். ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டால் கரையாமல் மெத்தென்று விரலில் உருள வேண்டும். கடலை உருண்டைக்கு அது போதாது. தண்ணீரில் போட்டதும் கெட்டிப்பட்டு, தட்டினால் டங்கென்று சத்தம் வர வேண்டும். இரண்டுக்கும் நடுவே அடுப்பில் சில நிமிஷம்தான் இடைவெளி. மேல்நாட்டில் இதற்கென்றே தெர்மாமீட்டர் வைத்திருக்கிறார்கள். சர்க்கரைப் பாகில் அந்த மெத்தென்ற உருட்டுப் பதம் 112 முதல் 116 டிகிரி சென்டிகிரேடு. நம் பாட்டிமார்களுக்கு ஆள்காட்டி விரலும் கட்டை விரலும்தான் தெர்மாமீட்டர்.

மீன் வாங்குவதிலும் அப்படித்தான். வாசலுக்கு வரும் மீன்காரம்மாவுக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது. ஆனால், “இன்னாம்மா அப்பிடிப் பாக்கற? கண்ணு கண்ணாடி கணக்கா கீது, செவுளு செக்கச்செவேல்னு கீது, அழுத்திப் பாரு, குழி வுழுந்தா என்கிட்ட கேளு” என்று அவர் அடுக்கும்போது ஒரு பாடப் புத்தகமே நடக்கிறது. நல்ல மீனுக்குக் கடல் வாடை இருக்கும். நேரமாகிவிட்டால் அது கவிச்சியாகும். அப்புறம் நாற்றம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய்க் கழிவு கலந்து வந்து எண்ணூர் முகத்துவாரம் முழுக்கப் படிந்ததே, அந்த நாட்களில் எங்கள் பக்கத்துப் பெண்கள் மீனை வாங்குமுன் மூக்கருகே கொண்டு போய், “கவிச்சியா, எண்ணெய் வாடையா?” என்று பார்த்துத்தான் கூடையில் போட்டார்கள்.

வாசனையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் அனல் மின் நிலையம், துறைமுகம், உரத் தொழிற்சாலை, எண்ணெய் டாங்கிகள் என்று சுற்றிலும் இருக்கின்றன. மூக்குத்தான் இங்கே காவல்காரன். ‘ஸ்மெல் வருது’ என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் ஒன்றும் புரியாது. தமிழில் வாடை வேறு, நெடி வேறு. வாடை மூக்கோடு நிற்கும். நெடி என்றால் தொண்டையில் ஏறும், கண்ணில் தண்ணீர் வரும். மிளகாய் வற்றல் கருகினால் நெடி. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடியது அந்த நெடியால்தான். பலரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. நெடி என்று யாராவது சொன்னால் என்ன ஏது என்று விசாரித்துக்கொண்டு நிற்கக் கூடாது. ஈரத் துணியால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக நகர்ந்துவிட வேண்டும். அம்மோனியா தண்ணீரில் சட்டென்று கரைவதால் ஈரத் துணி கொஞ்சம் உதவும்.

சமையல் காஸுக்கு இயற்கையில் வாசனையே கிடையாது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? கசிந்தால் தெரியட்டும் என்று மெர்காப்டன் என்னும் அழுகல் நாற்றப் பொருளை வேண்டுமென்றே கலக்கிறார்கள். அதிலும் ஒரு சங்கடம் உண்டு. ஒரே வாசனையில் கொஞ்ச நேரம் இருந்தால் நம் மூக்கு அதற்குப் பழகி, சும்மா இருந்துவிடும். வெளியிலிருந்து வருகிறவருக்குத்தான் உறைக்கும். “உங்க வீட்டுல லேசா என்னமோ வாடை வருதே அண்ணி” என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் முகத்தைத் தூக்கிக்கொள்ளாதீர்கள். ஸ்விட்சைத் தொடாமல் ஜன்னலைத் திறந்து, ரெகுலேட்டரை மூடிவிட்டு, வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள். இந்த காஸ் காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகப் படுத்திருக்கும்.

இப்போது, இது வெறும் மார்க் சமாசாரம் இல்லை என்றேனே, அதற்கு வருகிறேன்.

என் தங்கைக்குப் பிரசவமாகி ஒன்பதாம் நாள். குழந்தைக்குக் காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை. காலையில் குழந்தையை மடியில் வைத்திருந்த என் அம்மா, “அழுகையில காத்தே இல்லடி. வீல்னு கத்துற குழந்தை பூனைக்குட்டியாட்டம் முனகுது. பாலும் இழுத்துக் குடிக்கல, சும்மா வாய வெச்சிக்கிட்டே தூங்கிப் போவுது” என்றார். தங்கை வீட்டுக்காரர், “ஜுரம் இல்லியே அத்தே, சாயங்காலம் டூட்டி முடிஞ்சு வந்ததும் காட்டலாமே” என்றார். அம்மா அசையவில்லை. “சாயங்காலம் வேணாம் மாப்பிள்ளை, இப்பவே ஆட்டோ கூப்பிடுங்க” என்றுவிட்டார்.

அரசு ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு இளம் டாக்டர் அம்மா. குழந்தையின் சட்டையைத் தூக்கிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி முழுசாக ஒரு நிமிஷம் மூச்சை எண்ணினார். 66! “என்ன வித்தியாசம் பார்த்தீங்க பாட்டி?” என்று கேட்டார். அம்மா அந்தக் காற்று இல்லாத அழுகையையும், இழுக்காத பாலையும் அப்படியே சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். நுரையீரலில் தொற்று என்று சேர்த்துக்கொண்டார்கள். பத்து நாள் ஊசி. குழந்தை தேறி வந்தது. டிஸ்சார்ஜ் ஆகிற அன்று அந்த டாக்டர், “இதைத்தான் நாங்க ‘சட்டில் சைன்ஸ்’னு சொல்லுவோம். பச்சைக் குழந்தைக்குப் பல சமயம் ஜுரமே வராது. தினம் கையில வெச்சிருக்கிறவங்களுக்குத்தான் முதல்ல தெரியும். பாட்டி அதைச் சொல்லத் தெரிஞ்சு சொன்னாங்க” என்றார்.

தெரிந்தால் மட்டும் போதாது, சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும் என்பதை அன்றைக்கு நேரில் பார்த்தேன். “குழந்தைக்கு என்னமோ சரியில்ல டாக்டர்” என்று மட்டும் சொன்னால் அவர் எங்கிருந்து தொடங்குவார், பாவம்! இளம் தாய்மார்கள் கீழே சொல்வதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்குள் இருக்கும் குழந்தை அமைதியாக இருக்கும்போது நிமிஷத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு விட்டால் அது வேகமான மூச்சு. இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40 என்பது கணக்கு. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் உடனே ஓட வேண்டும். ஒரு வாரம் கழிந்த, தாய்ப்பால் போதுமான அளவு குடிக்கும் குழந்தை 24 மணி நேரத்தில் 6 தடவையாவது சிறுநீர் கழிக்கும். அது குறைகிறதா, மஞ்சளாகப் போகிறதா என்று பாருங்கள். உச்சிக்குழி உள்ளே வாங்கியிருந்தால் உடம்பில் நீர் வற்றுகிறது. பிறந்த முதல் நாளிலேயே மஞ்சள் தெரிந்தாலோ, மஞ்சள் உள்ளங்கை, உள்ளங்கால் வரை இறங்கினாலோ வெயிலில் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. மூன்று மாதத்துக்குள் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் ஜுரம் வந்தால், குழந்தை சிரித்துக்கொண்டிருந்தாலும் டாக்டரிடம்தான் போக வேண்டும்.

குழந்தைக்காவது பார்க்கிறோம். நம் உடம்பு சொல்வதை நாம் கேட்கிறோமா? “என்ன பண்ணுது?” என்று கேட்டால், “ஒண்ணுமில்ல, லேசா ஒரு மாதிரி இருக்கு” என்பதோடு முடித்துக்கொள்கிறோம். வலிக்கு நம் மொழியில் எத்தனை சொல் இருக்கிறது! குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், இழுப்பு, பிடிப்பு, உளைச்சல், விண்விண்ணென்று தெறிப்பது, சுளீரென்று வெட்டுவது, மதமதவென்று மரத்துப் போவது... கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்து ரொனால்டு மெல்ஸாக் என்ற அறிஞர், வலியைச் சொல்ல ஜனங்கள் பயன்படுத்தும் ஆங்கிலச் சொற்களைச் சேகரித்துத் தரம் பிரித்தார். 78 சொற்களை 20 வகையாக அடுக்கி 1975-ல் வெளியிட்ட அந்தக் கேள்வித்தாளை இன்றும் டாக்டர்கள் பயன்படுத்துகிறார்கள். எந்த மாதிரி வலி என்பதே நோய் எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும் என்பதுதான் காரணம். நரம்புக் கோளாறில் எரியும், மின்சாரம் பாய்ந்த மாதிரி சுண்டும். தசை என்றால் பிடித்துக்கொள்ளும்.

தலைசுற்றல் என்று சொல்லும்போதுகூடப் பாருங்கள். வீடே ராட்டினம் மாதிரி சுழல்கிறதா, எழுந்து நின்றதும் கண் இருட்டிக்கொண்டு வருகிறதா? முதலாவது பெரும்பாலும் காதுக்குள் இருக்கும் கோளாறு. இரண்டாவது ரத்த அழுத்தம் இறங்குவதாலோ சோகையாலோ வரலாம். டாக்டருக்கு இந்த இரண்டும் இரண்டு வேறு வழிகள். சோகை என்றதும் நினைவு வருகிறது. நம் நாட்டில் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் அது இருக்கிறது. அதுவும் சத்தம் போடாமல் வருகிற நோய்தான். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, கண்ணின் கீழ் இமைக்குள் வெளிறிப் போவது, பச்சரிசியை அள்ளி அள்ளி மெல்லத் தோன்றுவது எல்லாம் அதன் ஜாடைகள். பச்சரிசி தின்றால் கல்யாணத்தில் மழை பெய்யும் என்று கேலி செய்வதை விட்டுவிட்டு ஹீமோகுளோபின் பாருங்கள். 12-க்குக் கீழே, கர்ப்பிணியானால் 11-க்குக் கீழே இருந்தால் சோகைதான்.

மாரடைப்பு என்றால் சினிமாவில் வருவது போல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய வேண்டும் என்று எண்ணுகிறோம். பெண்களுக்கும் நெஞ்சு வலிதான் முக்கியமான அறிகுறி. ஆனால் வலி என்று சொல்ல முடியாமல், நெஞ்சில் ஒரு பாரம், தாடை இழுப்பு, இரண்டு தோளுக்கும் நடுவே முதுகில் அழுத்தம், குமட்டல், காரணமில்லாத வியர்வை, என்றைக்கும் இல்லாத அசதி என்று வருவது பெண்களிடம் அதிகம். வாயு என்று சொல்லிப் பெருங்காயம் கரைத்துக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வது நம் வழக்கம். வலியில்லை, பாரம்தான் என்றாலும் 108-ஐக் கூப்பிட அது போதுமான காரணம்.

எங்கள் வீட்டில் பால் கணக்கு எழுதுகிற மாதக் காலண்டர் ஒன்று சமையலறைக் கதவில் தொங்குகிறது. தங்கை குழந்தை வந்ததிலிருந்து அதில் பால் கணக்கோடு வேறு சங்கதிகளும் ஏறத் தொடங்கின. ‘செவ்வாய், பாப்பா பாதிப் பால்.’ ‘அம்மாவுக்கு இடது முழங்கால் குடைச்சல், ராத்திரி மட்டும்.’ ‘எனக்குக் கண் இருட்டல், இரண்டு தடவை, எழுந்தவுடன்.’ இரண்டு சொல், மூன்று சொல்தான். டாக்டர் எப்போது பார்த்தாலும் முதலில் கேட்கிற கேள்வி, “எத்தனை நாளா?” என்பதுதான். போன மாதம் அம்மாவின் முழங்காலுக்குப் போனபோது அந்தத் தாளைக் கிழித்துக் கையோடு எடுத்துக்கொண்டு போய் மேஜைமேல் வைத்தேன். டாக்டர் வாங்கி மேலிருந்து கீழாகப் படித்தார். “குடைச்சல்னே எழுதியிருக்கீங்களே, ரொம்ப நல்லதும்மா” என்று சொல்லிவிட்டு, “பால்காரருக்குப் பன்னிரண்டாம் தேதி பாக்கி போலிருக்கே!” என்றார்.